கொரியாக்காரர்கள் நமக்கு உறவே இல்லை

செஞ்சி,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய மச்சான் பச்சைமுத்து அவர்களுக்குத் தாண்டவராயன் வணக்கம்.

பனமலையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை ராஜாம்பாள் சுகம். நான்தான் சுகமில்லை.

நம்ம பொண்ணு அனு, சென்னைக் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் தேஹோ என்கிற கொரியாக்காரப் பையனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "வேத்து சனம், கடல் தாண்டி அனுப்ப மாட்டேன்" என்றேன். உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். 'கொரியரும் தமிழரும் ஒரே குடி'. நான் எழுதியது! ரிட்டையரான தமிழ் வாத்தியார் சும்மா இருக்கக்கூடாதா? அவர்களும் அம்மா, அப்பா என்கிறார்களே என்று நாற்பது பக்கம் எழுதி, உங்கள் மகன் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்து ஊருக்கே கொடுத்தேன். "ஒரே சனம்னு நீதான நைனா எழுதின? இப்ப இன்னா வேத்து சனம்?" என்கிறாள்.

அன்றிலிருந்து என் புத்தகத்தை நானே மறுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன் மச்சான். பச்சைப் பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் முதலில் வாயில் வருவது மாவும் பாவும்தான், அதை வைத்து உறவு கொண்டாட முடியாது என்று பத்துப் பக்கம். ஆஸ்திரேலியாவில் ஒரு பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பேராம், இங்கிலீஷ்காரன் வாடையே படாத வார்த்தையாம், ஒலி ஒன்று, வேர் வேறு என்று தனியாக ஒரு அத்தியாயம். கண் எரிய எழுதிப் படித்துக் காட்டினால், தோசையைப் பிட்டுக்கொண்டே சொல்கிறாள்: "நாங்க ரெண்டு பேரும் இங்கிலீஷ்லதான் பேசிக்கிறோம் நைனா." உங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரே பொண்ணு. சென்னையில் காய்ச்சல் என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடுவேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கொரியாவுக்கு எந்த பஸ் நிற்குது? தாய்மாமன் சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதத்தையே தந்தியாக நினைத்துப் புறப்பட்டு வந்து கல்யாணத்தை நிறுத்திக் கொடுங்கள்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் மைத்துனன்,
தாண்டவராயன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அனு அழுதுகொண்டே வந்தாள். பையனோட அப்பன் போன் பண்ணி, இந்தியாக்காரப் பொண்ணு நமக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டானாம். என் பொண்ணை! நான் வேணாம்னு சொல்லலாம் மச்சான், அவன் யாரு சொல்றதுக்கு? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றால், அவர்கள் மொழியில் எனக்கு அம்மா, அப்பாவைத் தாண்டி ஒன்றும் தெரியாது. "அழாத கண்ணு, தையில உனக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டேன். நிறுத்த வர வேண்டாம். சீர்வரிசையோடு வாருங்கள்.