எவர்சில்வர் சைலன்சரில் வெட்டியிருந்த பேர்

அய்யா துணை

இராஜாக்கமங்கலம்,
புதன்கிழமை.

மிக்க அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை சுஜின் அவர்களுக்கு,

மாமனார் முத்துநாயகம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை செல்லக்கனியும் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகள் ஜிஷாவும் சுகமாயிருக்க அய்யாவை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கார் இன்று காலை பதினொன்றரை மணியிலிருந்து சுகம். அதற்கு முந்தின இருபத்தைந்து நாள் எப்படி இருந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நான் ஒன்று சொன்னால் பக்கத்தில் நின்று உங்கள் அத்தை நாலு சொல்வாள்.

நீங்கள் மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அன்று சாவியைத் தந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாமா, வண்டில எது போனாலும் மாத்திக்கிடுங்க. அந்த சைலன்சர மட்டும் மாத்திராதீங்க. அப்பா ஆள வச்சு எவர்சில்வர்ல செய்ஞ்சதாக்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அம்மைக்கு அப்பா வாறது மாதிரி இருக்கும்" என்றீர்கள். சம்பந்தி பொன்னுலிங்கம் நாகர்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். எவர்சில்வரை விட்டால் வேறு எதையும் மதிக்காதவர். அவர் போய் மூன்று வருடமாகிறது. அந்த மனுசனின் சத்தத்தையே என் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சாவியை வாங்கினேன்.

எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாப்பிள்ளை. அதைத் தாங்கியிருந்த கொக்கி வெறும் இரும்பு. எங்கள் ஊர் உப்புக்காற்று அதைத் தின்று தீர்த்து, போன மாதம் சந்தை முக்கில் சைலன்சர் கழன்று விழுந்து எனக்குப் பின்னாலேயே உருண்டு வந்தது. மெக்கானிக் எபிசன் வந்து பார்த்து, புதுக் கொக்கி செய்துகொண்டு வருகிறேன், அதுவரை இது கிடக்கட்டும் என்று கொல்லையில் போட்டுவிட்டுப் போனார். கரி பிடித்து அட்டக்கறுப்பாகக் கிடந்த அதை உங்கள் அத்தை ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் ஆக்கர்காரன் பழைய சாமான் கேட்டு வந்தபோது, உடைந்த நாற்காலியோடு அதையும் தூக்கிக் கொடுத்து ஒரு நீல வாளி வாங்கிவிட்டாள். கேட்டால், "ஓட்டக் கொழாய்னு நெனச்சேன், எனக்கு என்ன தெரியும்? வாளி நல்ல கட்டி, பாத்துக்கிடுங்க" என்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆக்கர்காரனைத் தேடிப் பிடித்தால், எல்லாம் கோட்டாறு முகம்மது ஹனீபா கடைக்குப் போயாச்சு என்றான். அங்கே போனால் சைலன்சரே ஒரு மலை. அத்தனையும் ஒரே கறுப்பு. ஹனீபா சாயா வாங்கித் தந்து, "இதுல உங்களுக்கது எதுன்னு படச்சவனுக்குத்தான் தெரியும், அண்ணாச்சி. எவர்சில்வர்னா காந்தம் ஒட்டாது. ஒண்ணொண்ணா வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒன்றில் ஒட்டவில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இதுதான் அது என்பதற்கு என்ன சாட்சி? தேய்த்துப் பார்த்துவிடுவோம் என்று தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு பதினான்கு நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. அந்த நீல வாளியிலேயே சோப்புத் தண்ணீர் கலக்கி, கம்பி பிரஷ் போட்டுக் கரியை எடுத்தேன். அப்புறம் உப்புத்தாள், முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைசு, அப்புறம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிறது. நாலாம் நாள் எபிசன் வந்து, "குறுக்கயும் நெடுக்கயும் தேய்க்கப்பிடாது சார், ஒரே போக்குல தேயுங்க" என்றார், முதலிலிருந்து ஆரம்பித்தேன். உங்கள் அத்தை ஒரு உருண்டை புளியோடு வந்து, "குத்துவிளக்கு இதுலதான் வெளுக்கும்" என்றாள், விரட்டினேன். தோள்பட்டை விட்டுப்போச்சு, கட்டியிருந்த சாரமெல்லாம் கரி, சோறு அள்ளினால் புகை மணம். பதினோராம் நாள் வெளியே தெரிகிற நுனியில் ஒரு புள்ளி தெரிந்தது. தேய்க்கத் தேய்க்கப் புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுவார்களே, அதே எழுத்து: பொன்னுலிங்கம். வாய்விட்டு அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. கரண்டி முதல் சருவம் வரை பேர் வெட்டி வைத்த மனுசன் சைலன்சரை மட்டும் விட்டுவைப்பாரா? எழுத்து அழிந்துவிடுமோ என்று பயந்து, அந்த இடத்தை அத்தோடு விட்டு மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டேன்.

இன்று காலை எபிசன் மாட்டிக்கொடுத்ததும் நேரே நாகர்கோவிலில் உங்கள் அம்மா வீட்டுக்கு விட்டேன். ஆரன் அடிக்கவில்லை. தெருவில் திரும்பும்போதே அவர்கள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "அவியளுக்க வண்டில்லா இது" என்றார்கள். நான் எஞ்சினை அணைக்கப் போனேன். "அணைக்காதீங்க அண்ணே, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார்கள். ஓடவிட்டேன். அவர்கள் கரண்டியோடு அங்கேயே நின்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி நீங்கள் லீவில் வந்தால் நான் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

நீங்கள் இருவரும் குறையும் துருவும் இல்லாமல் நெடுநாள் வாழ அய்யா அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
பாரம் இறங்கிய மாமனார்
முத்துநாயகம்

பி.கு.: இதை மடித்து ஒட்டப்போகிற நேரம் பார்த்து உங்கள் அத்தை, பேருக்குக் கீழே மிச்சமிருந்த கரியைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். அடுத்த வரி பளிச்சென்று வந்திருக்கிறது: "அன்பளிப்பு. முருகதாஸ் திருமணம்." உங்கள் அப்பாவிடம் டிரைவராக இருந்து, பிறகு சொந்தமாக டாக்சி ஓட்டினாரே, அந்த முருகதாஸ்தானே? கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு கொடுக்கிறவர்கள் உண்டு. உங்கள் அப்பாவோ தன் வண்டிக்குச் செய்ததுபோலவே இன்னொரு சைலன்சர் செய்து கொடுத்திருக்கிறார். அந்த டாக்சி ஆக்கருக்குப் போனபோது இதுவும் ஹனீபா கடைக்கு வந்திருக்கும். நான் கொடுத்தவர் பேரைச் சொந்தக்காரர் பேர் என்று நினைத்துவிட்டேன். ஆக, உங்களுடையது இன்னும் ஹனீபா கடையில்தான் கிடக்கிறது. நாளைக் காலை காந்தத்தோடு போகிறேன். யாராவது ஊருக்கு வந்தால் அங்கே கிடைக்கிற நல்ல உப்புத்தாள் கொஞ்சம் கொடுத்தனுப்பவும். உங்கள் அம்மாவிடம் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமையும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.