நீலசந்திராவில் கணவன்மார் ஏலம்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த மனிதகுலம், அடுத்த பெரிய கண்டுபிடிப்புக்கு 1999 வரை காத்திருந்தது. வைத்தியத்துக்கு என்ன விலை வைக்கலாம் என்று நோயாளியையே கேட்டுவிடுவதுதான் அது. பெங்களூரில் இதை முதலில் செய்தது ஜெயநகரில் இருக்கும் எங்கள் ஆய்வு மையம் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நீலசந்திராவில் ஒரு தர்ம கிளினிக், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினைச் சும்மா கொடுத்துக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"இலவசம் அவாளோட சுயமரியாதைக்கே கேடு," என்றார் எங்கள் இயக்குநர் டாக்டர் வெங்கடராமன். "மாசம் எவ்வளவு தர மனசு இருக்குன்னு கேளுங்கோ. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் உக்காத்தி வெச்சுக் கேளுங்கோ. அப்பதான் உண்மை வரும்."

போனேன். எல்லம்மா ரிச்மண்ட் ரோடில் ஓர் ஆபீசைப் பெருக்கித் துடைப்பவர். அவருடைய கணவர் ஆதிகேசவன் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். காலில் ஆறாத புண்ணோடு வீட்டில் இருந்தார். இன்சுலின் ஊசியை விட்டால் கால் போய்விடும் என்று கிளினிக் டாக்டர் சொல்லியிருந்தார். இருவரும் என் எதிரே உட்கார்ந்தார்கள். வாசலில் பக்கத்து வீட்டு மமதா நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் வைத்தியத்துக்கு மாசம் எவ்வளவு தருவீங்கம்மா?"

எல்லம்மா கணவரைப் பார்த்தார். அவர் மிகுந்த அக்கறையோடு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பது..."

"எங்க ஊட்டுக்காரருக்கு நான் எரநூறு சொன்னேன்பா," என்றார் மமதா, யாரும் கேட்காமலே.

"முந்நூறு எழுதிக்க சார்," என்றார் எல்லம்மா.

ஆதிகேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பீன்யாவில் எந்த முதலாளியும் அவரை இவ்வளவு மதித்ததில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஏற்றி ஏற்றிக் கேட்க வேண்டும், எதற்கென்று சொல்லக்கூடாது என்பது எங்கள் முறை. "நானூறு கேட்டா?"

"குடுக்கறேன். மனுசனவிடவா சார் துட்டு பெருசு?"

இப்படியே தெரு முழுக்கக் கணவன்மார் ஏலம் போனார்கள். மனைவிக்குச் சர்க்கரை இருந்த வீடுகளில் கணவன்மார் வெகுநேரம் யோசித்தார்கள். அது தனி ஆய்வுக்குரியது.

நட்சத்திர ஹோட்டலில் பாதாம் அல்வாவோடு அறிக்கை வெளியாயிற்று. "ஏழைகள் ஏழைகளே அல்ல என்று நிரூபித்துவிட்டோம்," என்றார் டாக்டர் வெங்கடராமன். கிளினிக் மகிழ்ந்து மாதம் நானூறு என்று போர்டு மாட்டியது. எல்லம்மாவின் சம்பளத்தில் வாடகையும் அரிசியும் போனால் பஸ் காசுதான் மிஞ்சும். இது எங்களுக்குத் தெரியாது. கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை. ஆதிகேசவன் தினசரி ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிக்கொண்டார். இதை அறிவியலில் 'நுகர்வோரின் சிக்கனம்' என்பார்கள்.

ஆறு மாதம் கழித்துத் 'தொடர் ஆய்வு'. இந்தத் தடவை ஆதிகேசவனின் கால் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. அறையில் வாடை. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி அதே கேள்வியைக் கேட்டேன்.

"ஒரு பைசா தரமாட்டேன்," என்றார் எல்லம்மா.

"அவர் எதிர்லயே சொல்றீங்களேம்மா."

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்," என்றார் ஆதிகேசவன். "போன தபா பெருமைல வாய மூடிக்கினு இருந்துட்டேன். ஒண்ணுமில்லன்னு எழுதிக்க சார். மறுபடி சும்மா குடுக்கச் சொல்லு. ஸ்வல்ப சீக்கிரம் சொல்லு. காலு தாங்காது."

மமதா உட்பட மொத்தத் தெருவும் பூஜ்யம்தான் சொன்னது. ஆனால் பூஜ்யம் சொல்பவர் கேள்வியையே எதிர்ப்பவர், அவரைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது எங்கள் துறையின் விதி. எல்லம்மாவின் பதிலை நானே நீக்கினேன். நானூறு ரூபாய் போர்டு அப்படியே இருந்தது.

அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆதிகேசவனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அங்கே நவீன முறைகள் இன்னும் எட்டவில்லை. என்ன வெட்டப் போகிறோம் என்று எல்லம்மாவிடம் முதலிலேயே சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெட்டினார்களாம்.