முதல் கூப்பிடலிலேயே பதில் சொல்லும் போன்

பேரன்புக்கும் லேசான பயத்துக்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான், என் புது போன் நால்வரும் நலம். அங்கே நீங்கள், மாமா, உங்கள் இடது முழங்கால் மூவரும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். “கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுடி, நல்லா இருந்தா நானும் அதையே வாங்குறேன்” என்றீர்கள். வீடியோவே எடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் போன் சமையலறையில் அம்மாவோடு இருக்கிறது. அதனால்தான் பேனா. இதில் அழிக்கிற பட்டனே இல்லை அத்தை, தப்பா எழுதினா அப்படியே நின்னு நம்மள முறைக்குது!

முதலில் நல்லது. கேமரா சும்மா தெறிக்குது. இருட்டில் தூங்கும் அப்பாவை எடுத்தேன், மீசையில் நரையை எண்ணலாம். காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை அசராது. அறிமுக விழாவை நேரலையில் பார்த்து, உள்ளே இருக்கிற சிப் வரைக்கும் மனப்பாடம் பண்ணினவள் நான், எனக்குத் தெரியாதா? முதல் வாரம் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். வினை அதுக்கப்புறம்தான். இந்தப் போனைத் தொடாமலேயே பேர் சொல்லிக் கூப்பிடலாம், அந்தப் பேரையும் நாமே வைக்கலாம். “உங்கள் சொல்லைக் கூறவும்” என்று அது கேட்டதும், கெத்தா ஒரு பேரை யோசிச்சு வாயைத் திறக்கிறேன், அந்த நொடி பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிடுறாங்க: “என்னங்க!” போன் சொல்லுது: “நன்றி, பதிந்துகொண்டேன்.” சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுடுச்சு. தமாஷா இருக்கட்டுமேன்னு மாத்தாம விட்டேன்.

மறுநாள் அம்மா வழக்கம்போல “என்னங்க” என்றார்கள். ஹாலிலிருந்து உடனே பதில்: “சொல்லுங்கள்.” அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துடுச்சு. கல்யாணம் ஆனதிலிருந்து தொண்டை வத்தக் கூப்பிடாமல் ஒரு ‘ம்’ கூட வாங்கினதில்லை அவங்க. எட்டிப் பார்த்தா அப்பா பேப்பருக்குள்ள இருக்காரு, பேசுறது போன். “கேஸ் தீரப் போவுது” என்று சும்மா சொல்லிப் பார்த்தாங்க. “நாளைக் காலை நினைவூட்டட்டுமா?” என்றது. அம்மாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அன்னைக்கு அடுப்படிக்குப் போனதுதான் அத்தை என் போன்! இன்னும் மாவு டப்பா மேல சாஞ்சு நிக்குது.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்தா வீட்டில் தினம் பஞ்சாயத்து. “மழை வராதுன்னு காலையிலேயே நானும்தான் சொன்னேன். நான் சொன்னா உங்களுக்கு என்ன தெரியும்ங்கிற, அது சொன்னா துணியைக் காயப்போடுற!”

“அது பதில் சொல்லுதுங்க. நீங்க உறுமுறீங்க. ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறீங்க, வீட்டுல கூப்பிட்டா உங்களுக்குக் காது கேக்கல.”

“அதுக்குத் தினமும் சார்ஜ் போடுறீங்கல்ல? எனக்கு யாரு போட்டா?”

சொல்லிட்டு ரோஷத்துல போட்டிக்கே இறங்கிட்டாரு. அம்மா ‘என்ன’ன்னு ஆரம்பிச்சாலே எங்கிருந்தாலும் ஓடி வர்றாரு. ஒரு நாள் முகத்துல பாதி சவர நுரையோட வந்து, அது பேசுற மாதிரியே “சொல்லுங்கள்!” என்றார். அரை நொடி லேட். போன் முந்திடுச்சு. அவ்வளவுதான், “ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்” என்று பரண் மேலிருந்து பையை இறக்கிட்டாரு. அம்மா பாவம், பழக்க தோஷத்துல, “என்னங்க, துண்டு எடுத்து வச்சீங்களா?” என்று கேட்க, போன், “துண்டு, பட்டியலில் சேர்க்கப்பட்டது” என்றது. அப்பா துண்டே எடுக்காம பையை மூடிட்டாரு.

பேரை மாத்த அரை நிமிஷம் போதும். ஆனா “அதுல கை வச்ச, உனக்குச் சோறு கிடையாது” என்கிறார்கள் அம்மா. எனக்கும் மனசு வரலை அத்தை. வீடு இவ்வளவு கலகலன்னு இருந்து நான் பார்த்ததில்லை. ஆனா அப்பா நிஜமாவே கிளம்பிட்டா? ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து உங்கள் தம்பிக்கு நாலு வார்த்தை சொல்லவும். எனக்கான ஆசியையும் அப்போதே நேரில் தரவும். மாமாவுக்கு வணக்கம், முழங்காலுக்கு ஆறுதல்.

இப்படிக்கு,
போன் இருந்தும் இல்லாத உங்கள் மருமகள்,
வாலு

பின்குறிப்பு: வராதீங்க! உறையை ஒட்டப் பசை தேடிப் போனா, அம்மா மாடியில துணி எடுக்கிற நேரம் பார்த்து அப்பா அடுப்படியில போனோட நிக்கிறாரு. ஏதோ வீடியோ பார்த்துப் பேரை மாத்தத் தானே கத்துக்கிட்டிருக்காரு. “உங்கள் சொல்லைக் கூறவும்” என்றது. சுத்தும் முத்தும் பார்த்துட்டு, மெதுவா, அம்மாவோட பேரைச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டதே இல்ல அத்தை. என்னைப் பார்த்ததும் காதெல்லாம் சிவந்துடுச்சு. “இந்த வீட்டுல யாரும் சொல்லாத பேரு. இனி போன் தூங்கட்டும். வெளிய மூச்சு விட்ட, பிச்சிடுவேன்” என்றார். மாடியிலிருந்து “என்னங்க!” போன் கம்முன்னு இருக்கு. அப்பா சிங்கம் மாதிரி, “சொல்லும்மா!” அம்மா படியிறங்கி வந்து, “நீங்களா?” என்று கேட்டு, எதுக்குக் கூப்பிட்டோம்கிறதையே மறந்துட்டுச் சிரிச்சாங்க. பை பரணுக்குப் போயாச்சு. அத்தை, அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுற ஒரே ஆள் நீங்கதான். வாசல்லயே அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கிட்டு நுழைஞ்சீங்கன்னா அம்மாவுக்கு முன்னாடி போன் பதில் சொல்லிடும், உங்க தம்பி மாட்டிக்குவாரு. வந்தே தீருவேன்னா வாய்க்குள்ள பெரிய மிட்டாய் ஒண்ணைப் போட்டுக்கிட்டு வாங்க.