மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள்

ஒரெஸ்தே அந்த அறிவுரையைச் சொல்லிவிட்டு மாடிப்படியில் பாதிகூட இறங்கவில்லை. மின்சாரம் போய்விட்டது.

அறிவுரை சின்னதுதான். மின்சார அடுப்பு, துணி துவைக்கும் மெஷின், வெந்நீர் ஹீட்டர், இந்த மூன்றையும் ஒன்றாகப் போடக் கூடாது. போட்டால் மீட்டர் விழுந்துவிடும், அதாவது அதிலுள்ள சுவிட்ச் கீழே விழுந்து மின்சாரம் போய்விடும்; யாராவது போய்த் தூக்கிவிட வேண்டும். மீட்டரோ வீட்டில் இல்லை. மலையடிவாரத்தில், தார் ரோட்டோரம் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்து மலைவீடுகளுக்கெல்லாம் அப்படித்தான். அந்தக் காலத்தில் மீட்டர் வைக்க வந்தவருக்கு எங்கே மூச்சு வாங்கியதோ, அங்கேயே மீட்டரும் நின்றுவிட்டது.

வைக்கோல் போட்டு வைத்திருந்த மாடியை இடித்துக் கட்டி, ஒரெஸ்தே அப்போதுதான் விருந்தினர் வீடாக்கியிருந்தான். முதலில் வந்தவர்கள் தூரின் நகரத்து ஒத்தாவியாவும் அவள் கணவர் தெல்ஃபீனோவும். தெல்ஃபீனோ டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரெஸ்தேயின் மனைவி நீவெஸ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

“இவங்க பாதியிலயே பெட்டி படுக்கையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்கன்னா, வீட்டப் பூட்டிட்டு அங்கோனா டவுனுல என் தங்கச்சி பக்கத்துல போய் இருந்துக்கலாம். அங்க மீட்டர் வாசக்கதவு பக்கத்துலயே இருக்கு.”

ஆகவே ஒரெஸ்தே மலையிலிருந்து ஓடி இறங்கினான். மீட்டரைத் தூக்கிவிட்டான். மேலே வீடு ஒளிர்ந்தது. பாதி ஏறுவதற்குள் மறுபடி அணைந்தது. கீழ்வீட்டில் நீவெஸ் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் மீட்டர் ஒன்றுதான்.

இந்தத் தடவை அவன் புத்திசாலித்தனமாக யோசித்தான். அவன் அப்படி யோசிக்கும்போதெல்லாம் ஊரே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். சுமையைக் குறைக்கலாமென்று கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் மீட்டரைத் தூக்கினான். மின்சாரம் வந்தது, தண்ணீர் நின்றது. குளியலறையில் தலை நிறைய நுரையோடு ஒத்தாவியா நின்றுகொண்டிருந்தாள்.

மழைநீர்த் தொட்டியிலிருந்து இரண்டு வாளி மொண்டு மாடிக்கு ஓடினான். மூன்றாம் படியில் கால் தடுக்கியது. தண்ணீர் முழுக்க மாடிப்படிக்குக் கீழே இருந்த சுவிட்சுப் பெட்டியில் போய் விழுந்தது. அதுவரை எரியும்போதெல்லாம் கால்பந்து மைதானம்போல் வெளிச்சம் கொட்டிய முற்றத்து விளக்கும் பட்டென்று போனது. விருந்தினர் கல்லில் தடுக்கிவிடக் கூடாதென்று வசந்த காலத்தில்தான் அதை மாட்டியிருந்தான்.

ஒத்தாவியா தலையில் துண்டோடு இறங்கி வந்தாள். பின்னால் தெல்ஃபீனோ. நீவெஸ் கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முகத்தில் அங்கோனா தெரிந்தது. ஒரெஸ்தே மன்னிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தான்.

திட்டுவதற்காக ஒத்தாவியா வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றுவிட்டாள்.

முற்றத்துக்கு அப்பால் பார்லி வயல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மின்மினிகள். பத்து நூறு என்று சொல்ல முடியாது. சரிவு முழுக்க, ஓடைவரை, ஆலிவ் மரங்களின் இடுப்புவரை. ஒரு பக்கம் அணைய, மறுபக்கம் எரிய, ஒளி வயலின் மேல் அலையாகப் போய்த் திரும்பியது. தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒன்று வந்து ஒத்தாவியாவின் காதோரத்து நுரையில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து அதை விளக்காக்கியது. அவள் அசையவில்லை.

இந்த வயலில் இருபது வருஷம் உழுதவன் ஒரெஸ்தே. அவனுக்கே மன்னிப்பு மறந்துபோனது. மின்மினி விடிந்தால் காசாகும் என்ற பேச்சை நம்பிச் சின்ன வயதில் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடி டம்ளரின் கீழ் கவிழ்த்து வைத்ததும், காலையில் அந்த இடத்தில் அப்பா வைத்த காசு இருந்ததும் நினைவுக்கு வந்தது. கோயிலில்கூட எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஆனாலும் கடமை கடமைதான். பெட்டியைத் துடைத்துக் காயவைத்து ஒருவழியாக விளக்கை எரியவைத்தான். வயல் செத்துப்போனது.

“அணைங்க அத” என்றாள் ஒத்தாவியா. கூடவே இன்னொரு குரலும் கேட்ட மாதிரி இருந்தது.

மறுநாள், விளக்கைக் கழற்றிவிடட்டுமா என்று நீவெஸிடம் கேட்டான்.

“விருந்தாளி கால ஒடச்சிக்கிட்டா நீயா தூக்குவ?” என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போனாள். இவள் மனம் கல்தான் என்று அவன் முடிவு செய்தான்.

அதன்பின் விருந்தினர்கள் எல்லா அறிவுரையையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். உச்சிவெயிலில் ஜன்னல் சாத்தினார்கள், தேளுக்காகச் செருப்பை உதறினார்கள், மதியத்துக்குள் ரொட்டி வாங்கினார்கள். அந்த ஒன்றைத் தவிர. இருட்டத் தொடங்கியதும் தினமும் மீட்டர் விழுந்தது. ஒரெஸ்தே தினமும் இறங்கி, தினமும் ஏறினான். நீவெஸ் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அங்கோனாவுக்கு மனசுக்குள் மூட்டை கட்டுகிறாள் என்று நினைத்தான்.

வாரம் முடிந்து, கார் கிளம்பும் நேரத்தில் அவன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான்.

“தப்பா நெனைக்காதீங்க. எல்லாம் சொன்னபடி செஞ்சீங்க. அந்த மூணையும் ஒண்ணாப் போடுறத மட்டும் ஏன்...”

ஒத்தாவியா நீவெஸைப் பார்த்தாள். நீவெஸுக்குத் திடீரென்று அடுப்பில் வைத்த தக்காளிக் குழம்பு நினைவு வந்துவிட்டது; உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரத்திலேயே முதல் தடவையாகத் தெல்ஃபீனோ பேசினார்.

“மொத நாளோட சரி, அப்புறம் நாங்க அதத் தொடவே இல்லீங்க. அந்தி சாஞ்சா உங்க வீட்டம்மாதான் மேல வந்து மூணையும் போட்டுவிட்டு, ‘அந்த மனுஷன் ஏறி வர்றவரைக்கும் பேசாமப் பாருங்க, அங்கோனாவுல இது ஏது’ன்னு எங்க பக்கத்துல நின்னுக்குவாங்க.”