மிரட்டி வாங்கிய பைப்பு

நிறைய வாசித்தால் எழுத்து தானாக வரும் என்று இங்கிலிஷ் டீச்சர் சொன்னது சத்தியம். எதை வாசிக்கிறோமோ அதுதான் வரும் என்பதை அவர் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஓ.எல். பரீட்சையில் இங்கிலிஷ் பாஸாகித் தலைகால் புரியாமல் திரிந்த காலம் அது.)

தொண்ணூறுகளின் நடுவில் றக்வானை டவுன் கடையொன்றில், சாமான் சுற்ற வைத்திருந்த ஆங்கில நாவல்களை ஒரு மூட்டையாய் அள்ளி வந்து அகராதியோடு வாசித்தேன். எல்லாமே ஆள்கடத்தல் கதைகள்.

தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்கு, தண்ணீர் பைப்பு இல்லை. பள்ளத்தில் ஊற்று விழும் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தே அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் தலைவரான அப்பா, புது மேனேஜர் துரைக்கு மனு கொடுக்க முடிவெடுத்தார். "எங்க புள்ளயே இங்கிலிஸ்ல எழுதும்" என்று லயம் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

எழுதினேன். "எங்களுக்கு என்ன வேண்டுமென்று உமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் லயத்துக் கோடியில் பைப்பு இருக்க வேண்டும். போலீசுக்குப் போகாதீர். பிறகு நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல." ஒரு பிழைகூட இல்லை. அப்பா பெருமையோடு கையெழுத்து வைத்தார்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கே போலீஸ் ஜீப் வந்து, அப்பாவை ஏற்றித் துரையின் ஆபீசுக்குக் கொண்டுபோனது. தமிழ்ப் பெயரோடு அப்படி ஒரு கடிதம் வந்தால் யாருக்கும் சிரிப்பு வராத யுத்த காலம். நான் நாவல்களைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

"மேக்க லிவ்வே கவுத?" (இதை எழுதியது யார்?) என்று சிங்களத்தில் கேட்டார் துரை.

"நான்தாங்க சேர்."

அப்பா என்னைப் பார்த்தார். "என்னாம்மா எழுதுன?"

"பைப்பு கேட்டேங்கப்பா."

"கேட்டியா, மெரட்டுனியா?"

எந்த வரி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். முதலில் சிரித்தவர் ஜீப்பில் வந்த போலீஸ் சார்ஜன்ட். அப்பாவை விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் ஜீப்பில் ஏறியதைத் தோட்டமே பார்த்திருந்தது. வீடு வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. திட்டியிருக்கலாம். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு சமையல் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை, மருந்துத் தாள், பேப்பரில் வரும் ஆசிரியர் கடிதம் என்று கைக்குக் கிடைத்த இங்கிலிஷையெல்லாம் வாசித்தேன். மெல்ல மெல்லத்தான் கடத்தல்காரன் என் பேனாவை விட்டு இறங்கினான். இப்போது எம்பிலிப்பிட்டியவில் இங்கிலிஷ் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான்: எல்லாவற்றையும் வாசியுங்கள், ஒரே மூட்டையை மட்டும் வாசிக்காதீர்கள்.

பைப்பு வந்தது. அதற்கு இன்றும் 'மெரட்டுன பைப்பு' என்றுதான் பெயர். வீட்டுக்கு வரும் மருமகள்களுக்கெல்லாம் அப்பாவே அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். நான் லீவு கடிதம் எழுத உட்கார்ந்தாலும் எட்டிப் பார்த்துக் கேட்பார்:

"போலீசுக்குப் போகாதீங்கன்னு போட்டுட்டியாம்மா?"