ஷெவ்கெத் கேப்டனின் காலித்தொட்டி

வேனில் முதிர்ந்து, விடைபெற மனமின்றி நின்ற பருவம். அத்தி கனிந்து தானே பிளந்தது. பைன் மரப் பிசினின் மணம் மலைச்சரிவில் இறங்கி நீரின்மேல் போர்வையெனப் படர்ந்தது. நண்பகலில் எழுந்த வடகாற்று, ஓதி முடித்த அடியார்போல் மெல்ல அடங்கியது. வானின் நீலம் எது, நீரின் நீலம் எது என்று பிரித்தறியாவண்ணம் துருக்கிக் கரையின் சாம்லிக் குடா துயின்றது.

இப்பேரமைதியின் நடுவே, தன் சுற்றுலா மரப்படகின் அடித்தளத்தில் குப்புறப் படுத்துக் கழிவுத்தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஷெவ்கெத் கேப்டன். தொட்டி காலி. அதுதான் சிக்கல்.

"நெர்மின்! ஒரு சொட்டுகூட இல்லடி!"

"எப்படி இருக்கும்?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். "விருந்தாளிங்க தூங்கினதும் தினம் அடிவால்வைத் திறந்து கடல்ல விட்டது யாரு? பூதமா?"

"கடல் பெருசுடி. எல்லாத்தையும் கரைச்சிடும்."

"இந்தக் குடாவுல நிக்கிற அத்தனை கேப்டனும் இதைத்தான் சொல்றான்."

சுற்றுலாப் படகுகள் தம் கழிவைத் துறைமுகத்துக் கழிவுப் படகிடம் ஒப்படைத்து முத்திரை பெற வேண்டும் என்பது விதி. முத்திரை இல்லாத படகின் இயந்திரத்துக்கு இன்று மாலை பூட்டு. நாளைக் காலையிலோ, அங்காராவிலிருந்து ஒரு திருமணக் கூட்டம் வருகிறது. அது கைவிட்டுப் போனால் குளிர்காலம் முழுவதும் அடுப்பெரியாது. இவ்வாறாக, கொடுப்பதற்குக் கழிவில்லாத வறுமை என்னும் அரிய வறுமை கேப்டனுக்கு வாய்த்தது.

"பக்கத்துப் படகுல கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

"கேக்கத்தான் போனேன். ஜெலால் அதையே கேக்க இங்க வந்துட்டிருந்தான்."

குடாவின் வாயிலில் கழிவுப் படகு தென்பட்டது. கேப்டன் பதறிக் குழாயைக் கடலில் இறக்கித் தொட்டியை நிரப்பினார்.

"அந்தக் கழிவுப் படகுக்கார யஷாரோட உறிஞ்சுகுழாய்ல கண்ணாடி இருக்கு," என்றாள் நெர்மின். "இவ்வளவு தெளிவா தண்ணி போனா, டீ போட்டுக் குடுன்னு கேப்பான்."

கேப்டன் காபி வண்டலைக் கொட்டினார். நிறம் போதவில்லை. கல்யாணக் கூட்டத்துக்கென அவள் காய்ச்சி வைத்திருந்த பருப்பு சூப்பை அண்டாவோடு கவிழ்த்தார். நிறம் வந்தது, கூடவே வெண்ணெயும் புதினாவும் கலந்த நறுமணமும் வந்தது.

"அண்ணி!" பக்கத்துப் படகிலிருந்து ஜெலாலின் குரல். "என்ன சூப்பு, மூக்கைத் துளைக்குது! ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் தள்ளுங்க!"

மணத்தைக் கொல்லச் சலவைத்தூளைக் கொட்டிக் கலக்கினார் கேப்டன். நுரை பொங்கியது. தொட்டியைக் கடந்து, படியேறி, மேல்தளத்தில் நின்ற நெர்மினின் முழங்காலைத் தொட்டது.

"நாளைக்கு மணப்பொண்ணுக்கு வெள்ளைத் துணி வேண்டாம். இதுவே போதும்," என்றாள் அவள்.

வேறு வழியின்றி அனைத்தையும் கடலுக்கே அர்ப்பணித்து, நுரை மிதந்த இடத்தை விட்டு அகன்று, குடாவின் மறுகோடியில் நங்கூரமிட்டார். தொட்டியை நன்றாக அலசிக் கடல்நீரையே மீண்டும் நிரப்பி நிமிர்வதற்குள் கழிவுப் படகு வந்து உரசி நின்றது.

"ஸலாம், கேப்டன்!" யஷார் குழாயைச் சொருகிக் கண்ணாடியை உற்றுப் பார்த்தான். "என்ன, விருந்தாளிங்க எல்லாரும் நோன்பா?"

"தண்ணி நிறைய குடிக்கிறாங்கப்பா."

"நேத்து வரைக்கும் எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. அதான் இன்னைக்குப் புதுசா மருந்து குடுத்திருக்காங்க. கழிவுன்னா நீலமாகும், நல்ல தண்ணின்னா அப்படியே நிக்கும். முதல் போணி நீங்கதான். ஒப்பிட்டுப் பாக்கக் கடல்லேர்ந்தும் ஒரு குடுவை எடுத்துக்கறேன். கொஞ்ச நேரம் ஆகும்."

கேப்டனின் முகம் வெளுத்தது. இனி இறைவனே துணை. பிற்பகலின் அஸர் தொழுகைக்கும் நேரமாகிவிட்டது.

தொழுமுன் கைகால் கழுவும் ஒளுவுக்காக நெர்மின் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையமர்த்தினார்.

"கடல்தண்ணியைவிடத் தூய்மை எதுடி?"

ஏணியில் இறங்கி அமர்ந்து, கைகளைக் கழுவினார். வாய்நிறைய அள்ளிக் கொப்பளித்தார். நாசியில் ஏற்றினார். முகமும் முழங்கையும் பாதமும் நனைத்தார். பின் மேல்தளத்தில் பாய் விரித்து, நெற்றி பலகையில் பதிய வீழ்ந்து உள்ளமுருகி வேண்டினார்: இறைவா, இந்த ஒருமுறை மட்டும் இத்தண்ணீரைக் கழிவாக்கி அருள்!

அவர் சலாம் கொடுத்துத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டும்வரை யஷார் மரியாதையோடு காத்திருந்தான்.

"முத்திரை போட்டாச்சு, கேப்டன். அசல் கழிவு! கருநீலம்!"

கேப்டனின் கண்கள் நிறைந்தன. "அல்லாஹ்வுக்கே புகழ்! கேட்டியா நெர்மின், என் துஆ பலிச்சிடுச்சு!"

"அந்த இன்னொரு குடுவை என்னப்பா ஆச்சு?" என்றாள் நெர்மின்.

"அதுவா அண்ணி? ஏணிக்குக் கீழே, கேப்டன் வாய் கொப்பளிச்ச இடத்துல எடுத்தேன். அது இதைவிட நீலம்." யஷார் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினான். "அல்லாஹ் உங்க தொழுகையை ஏத்துக்கட்டும், கேப்டன்."