பிரிண்டர் வாசித்த வரவேற்புப் பாட்டு

கொஞ்சம் தெரிந்தவன்தான் நிறையப் பேசுவான். இது பழமொழி இல்லை, என் வாழ்க்கை வரலாற்றின் சுருக்கம். "அப்பாவிடம் நான் கற்றுக்கொண்டது" என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், என்ன எழுதுவது என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். இரண்டு நாள் யோசித்தேன். நல்லதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே, பிள்ளைகளே, கெட்டதாக ஒன்றை எழுதித் தருகிறேன். (எழுத்துப் பிழைகளை அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவளும் வருவதால், பிழையில்லாத இடங்களையும் திருத்துவாள்.)

அப்போது எனக்கு இருபது வயது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, ஒரு பேக்கரியின் மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்பில் படித்தேன். கீழே பாண் வெந்துகொண்டிருக்கும். மேலே நாங்கள் வெந்துகொண்டிருப்போம். மாணவர்கள் இருபத்திரண்டு பேர், கம்பியூட்டர் நான்கு, பிரிண்டர் ஒன்று. வகுப்பை நடத்தியவர் கணேசலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்ற பிறகும் பதுளையை விட்டுப் போகாதவர்.

இப்போது நீங்கள் போனைத் தொட்டால் பாட்டும் ஆட்டமும் வருகின்றன. அந்தக் கம்பியூட்டர்களில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். நாம் ஒரு கட்டளையைத் தட்டுவோம். 'தவறான கட்டளை' என்று அது பதில் சொல்லும். ஆறு மாதப் பாடத்தில் பெரும்பகுதி இதுதான். சத்தம் என்று எடுத்துக்கொண்டால், கோபம் வந்தால் 'பீப்' என்னும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சங்கீதம்.

இப்படி இருக்கையில், கொழும்பில் வேலை பார்த்த என் நண்பன் ஒருவன் தீபாவளிக்கு வந்தபோது ஒரு ஃபிளொப்பித் தட்டைக் கொடுத்தான். அதில் பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் இருந்தன. மொடியூல் பாட்டு என்று பெயர். கசெட்டில் இருப்பதைப் போல முழுப் பாட்டும் அதில் இருக்காது. மேளத்தில் ஓர் அடி, தந்தியில் ஓர் இழுப்பு, குழலில் ஓர் ஊதல் என்று சின்னச் சின்னச் சத்தத் துண்டுகள் இருக்கும். எந்தத் துண்டை எப்போது, எவ்வளவு உயர்த்தி ஒலிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலும் இருக்கும். கம்பியூட்டர் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்திலேயே வாசிக்கும். பட்டியல் திரையில் மேலிருந்து கீழாக ஓட, பக்கத்தில் எழுத்துகளாலேயே அடுக்கிய நான்கு தூண்கள் தாளத்துக்கு ஏறி இறங்கும். வாத்தியப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், பாட்டை உருவாக்கிய வெளிநாட்டுக்காரர்கள் 'நண்பர்களுக்கு வணக்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த வணக்கம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு நாள் நானும் திரைக்குத் திருப்பி வணக்கம் சொன்னேன். (யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். உங்கள் அம்மா பார்த்திருக்கிறாள்.)

'பீப்' மட்டும் தெரிந்த கம்பியூட்டரில் இதையெல்லாம் கேட்பது எப்படி? அதற்கும் நண்பன் ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தான். கம்பியூட்டரின் முதுகில் பிரிண்டரைச் செருகும் வாய் ஒன்று உண்டு. பிரிண்டரைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டர்களை வரிசையாக ஈயம் உருக்கி ஒட்டிய ஒரு பிளக்கை அதில் செருக வேண்டும். மறுமுனையை ஆம்பிளிஃபயரில் கொடுத்தால் பாட்டு வரும். இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு அந்தப் பிளக்கைச் செய்து முடித்தேன். சாதாரணப் பிளக் இல்லை. வலது ஸ்பீக்கரில் ஒன்றும் இடது ஸ்பீக்கரில் வேறொன்றும் கேட்கும் உயர்ந்த ரகம். பிறகு ஒரு வாரம் வகுப்பில் என்னைத் தவிர வேறு யாரும் பேசவில்லை.

கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து வந்த செல்வராணி மட்டும் பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். (உங்கள் அம்மாவை அப்போது எனக்குச் செல்வராணியாகத்தான் தெரியும்.)

"எட்டுக் கம்பி பாட்டுக்குன்னு சொன்னீங்க. இந்த ஒம்பதாவது கம்பி எதுக்குங்க?"

"அதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காதுங்க" என்றேன். எனக்கும் விளங்காது என்பதை நான் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு முதன்முதலாக ஒரு கம்பியூட்டர் வந்திருந்தது. அதைக் கையாள இந்த வகுப்பிலிருந்து ஓர் ஆளை எடுப்பதாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரை சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சர்டிபிகேட் வழங்கும் விழாவுக்கு அவர்தான் பிரதம விருந்தினர். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சர்டிபிகேட்டோடு ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். லயத்தில் பிறந்த ஒருவர் அந்த ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததாக அதுவரை சரித்திரமே இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து வகுப்புக்கு வந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன், செல்வராணி ஒருத்தி. வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும், கூடை மாட்டிக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகி, கங்காணியிடம் பெயரும் கொடுத்தாகிவிட்டது. எனக்கும் அந்த நாற்காலி வேண்டும். தொரை மாடிப்படி ஏறும்போது கம்பியூட்டரிலிருந்து இசை முழங்கினால் வேலை யாருக்கு என்பதில் சந்தேகம் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

ஓரம் முழுக்கப் பூவேலை போட்ட சர்டிபிகேட் தாள்கள் அன்று காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்தன. ஒன்றோடொன்று ஒட்டிய தொடர்தாள், சரியாக இருபத்திரண்டு. அதில் பிரிண்டரால் பெயர்களை அடிக்கும் வேலை என்னுடையது. ஆங்கில அகர வரிசைப்படி யோகநாதன் என்ற என் பெயர் கடைசியில்தான் வர வேண்டும். ஆனால் பட்டியலைத் தட்டியவன் யோகநாதன். ஆகவே அது முதலில் வந்தது.

பதினாலு பெயர் முடிந்த நேரத்தில் கீழே ஜீப் சத்தம். தொரை அரை மணி நேரம் முந்தி வந்துவிட்டார்.

"தம்பி! துரை வந்திட்டார்! உந்த அச்சடிக்கிறதை அப்பிடியே விட்டிட்டுப் பாட்டைப் போடும்!" என்று மாஸ்டர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"என்னோடது இன்னும் வரலீங்களே" என்றாள் செல்வராணி.

"வரும், வரும். மொதல்ல பாட்டு."

கோயில் கமிட்டியிடம் இரவல் வாங்கிய ஆம்பிளிஃபயரை முடுக்கினேன். கட்டளையைத் தட்டினேன். திரையில் பட்டியல் ஓடியது, நான்கு தூண்களும் துள்ளின. ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்போதுதான் மூலையில் இருந்த பிரிண்டர் பாடத் தொடங்கியது.

ட்ர்ர்ர்ரீக்... டக் டக்... கிரீஈஈச்... பீப்! பீப்!

தொரை வாசற்படியில் நின்றுவிட்டார். மாஸ்டர் கைகூப்பியபடி உறைந்துபோனார். பிரிண்டர் ஒரு வரி அடித்தது, இரண்டு முழத் தாளைத் துப்பியது, மறுபடி கிறீச்சிட்டது, இடையிடையே மணி அடித்தது. முன்வரிசையில் இருந்த பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இதென்னாடி, மெசினு அரைக்கிற மாதிரி இருக்கு?" என்றாள் ஒரு கிழவி.

"சும்மா இருங்க. கம்பியூட்டரு மேளம் இப்படித்தான் இருக்கும். எம் புள்ளதான் வாசிக்கிறான்" என்றாள் என் அம்மா.

தொரை தலையைச் சாய்த்துக் கேட்டார். படித்த மனிதர், உலகம் பார்த்தவர், வெளிநாட்டு இசை இப்படியும் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். மெல்லக் கைதட்டினார். தொரை தட்டினால் தோட்டமே தட்டும். மாடி அதிர்ந்தது. மாஸ்டர் என் காதருகே வந்து, "என்ன தம்பி, உண்மையா உதுதான் பாட்டோ?" என்று கேட்டார்.

"இது முன்னிசை சேர். பாட்டு இனித்தான் வரும்" என்றேன்.

(இந்த இடத்தில் நான் பிரிண்டரைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. திரையில் தூண்கள் அவ்வளவு அழகாகத் துள்ளிக்கொண்டிருந்தன.)

கைதட்டலுக்கு நடுவே ஒரே ஒருத்தி எழுந்தாள். செல்வராணி நேராக மூலைக்கு நடந்து போய்ப் பிரிண்டரின் சுவிட்சை அணைத்தாள். கைதட்டலும் நின்றது. தரையில் குவிந்து கிடந்த தாளின் நுனியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். பூவேலை போட்ட எட்டுத் தாளிலும் அரை எழுத்து, கோடு, கொக்கி, கேள்விக்குறி.

"இவ்வளவு நேரமா நீங்க வாசிச்சது என்னோட சர்டிபிகேட்டுங்க" என்றாள்.

மாடி முழுக்கக் கேட்டது. கீழே பேக்கரிக்கும் கேட்டிருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகச் சொல்லத் தெம்பில்லை. பதினாலு பேருக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. மற்ற எட்டுப் பேருக்கும் புதிதாக அச்சடிக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஏழு பேருக்கு ஒரு வாரம் பெரிதில்லை. செல்வராணிக்கு மறுநாள் காலை எட்டு மணி. எட்டுத் தாளிலும் காயம் குறைந்த ஒன்றைத் தேடி எடுத்து, கொக்கிகளுக்கு நடுவே அவளுடைய பெயரை மாஸ்டர் பேனாவால் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். என்னுடையது மட்டும் மடிப்புக்கூட இல்லாமல் உறைக்குள் இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். இடம் இருந்தது, ஆனாலும் நின்றேன்.

சனிக்கிழமை காலை இருவரும் ஆபீசில் தொரையின் மேசைக்கு முன்னால் நின்றோம். அவர் என் தாளைப் பார்த்தார், அவள் தாளைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து அந்த பிரிண்டருக்கு என்ன?"

நான் முந்திக்கொண்டேன். "வைரஸுங்க தொரை. கம்பியூட்டருக்கு வர்ற காய்ச்சலுங்க." (தினசரி ஒன்றில் அந்த வாரம்தான் படித்திருந்தேன்.)

தொரை பெட்டியைக்கூடப் பிரிக்காத தன் புதுக் கம்பியூட்டரைப் பயத்தோடு பார்த்தார். "இங்கயும் வருமா?"

"வராதுங்க. நான் கையக் கழுவிட்டுத்தான் வந்தேனுங்க."

செல்வராணி குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மைதான், ஆனால் அது வேறு தண்ணீர்.

"வைரஸெல்லாம் இல்லீங்க தொரை. பாட்டுப் பிளக்கும் பிரிண்டரும் ஒரே வாயில செருகுறதுங்க. எட்டுக் கம்பியில நம்பரு போகும். ஒம்பதாவதா ஒரு கம்பி இருக்கு. பாட்டு வாசிக்கிறப்போ அது இந்த ஸ்பீக்கரு, அந்த ஸ்பீக்கருன்னு மாத்தி விடும். பிரிண்டருக்கு அதே கம்பி 'இப்ப அடி'ன்னு சொல்ற கம்பிங்க. பாட்டு அதைச் செக்கனுக்கு ஆயிரம் தடவை தட்டுச்சு. பிரிண்டரு என்னா பண்ணும் பாவம், முடிஞ்ச வரைக்கும் அடிச்சிருச்சு."

என் பிளக்கில் ஒன்பதாவது கம்பி எதற்கு என்று நானும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டேன். 'வெளங்காதுங்க' என்று நான் சொன்ன அன்றே அவள் பிரிண்டரின் கையேட்டைத் தேடிப் படித்திருக்கிறாள்.

"அப்ப பிரிண்டர் நல்லா இருக்கு?"

"ஒரு கோளாறும் இல்லீங்க. சொன்னதைச் செஞ்சிச்சு."

"சொன்னது யாரு?"

செல்வராணி என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். அந்தத் தாளோடு வந்து நின்றவளுக்கு அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. சொல்லாமல், எனக்கு வழி விட்டு நிற்பதைப் போல நின்றாள்.

"நான்தாங்க" என்றேன். "பிரிண்டரக் கழட்டிட்டுப் பிளக்க மாட்ட மறந்துட்டேனுங்க. அந்தக் கம்பி எதுக்குன்னும் எனக்குத் தெரியாதுங்க." அந்த மாதம் முழுவதும் நான் சொன்னவற்றில் உண்மை என்று எடுத்துக்கொண்டால் அது ஒன்றுதான்.

தொரை கொக்கி விழுந்த தாளை எடுத்துத் தன் கோப்பில் வைத்தார். என் தாளைக் கவனமாக உறையில் போட்டுத் திருப்பித் தந்தார். "இந்தப் பொண்ணு வேலைக்கு வரட்டும். நீ நல்லா வாசி" என்றார். இரண்டாவது வாக்கியம் பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பெரட்டில் செல்வராணியின் பெயரைக் கங்காணி வெட்டினார். வெட்டிய இடத்துக்கு நேர் கீழே என் பெயரை எழுதினார். "மம்பட்டியில எட்டுக் கம்பியெல்லாம் கெடையாது தம்பி, ஒரே பிடிதான். சரியாப் பிடி" என்றார். தோட்டம் சிரித்தது. எட்டு மாதம் அந்தப் பிடியைப் பிடித்தேன். பிறகு பதுளையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை கிடைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அந்த முதலாளி என்னை எடுத்தார். அதற்கும் நான்கு வருடம் கழித்துச் செல்வராணி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. (கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். - அம்மா)

அன்றிலிருந்து நம் வீட்டில் நான் ரேடியோவைத் தொட்டாலும், டீவியைத் தொட்டாலும், உங்கள் போனைச் சரிசெய்து தருகிறேன் என்று கையில் எடுத்தாலும், அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்: "கையக் கழுவிட்டீங்களா?" இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்துகொண்டு மூன்று குரலாகிவிட்டது. இதைக் கேட்கும் விருந்தாளிகள் எல்லாரும், இந்தக் குடும்பம் எவ்வளவு சுத்தம் என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். நானும் அவர்களுக்கு விளக்கம் சொல்வதில்லை. எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன்.